சத்தம் பிடிக்கும் பெட்டி

வீட்டுக்காரர் மாசிலாமணிக்கு, வாடகைக்கு விட்ட வீட்டில் வீசும் காற்றும் தன் சொத்து என்று நினைப்பு. மாடியில் மிக்சி ரிப்பேர் செய்து பிழைக்கும் செந்தூர்க்கனியைக் கிளப்பத் திட்டம் போட்டு, குடியிருப்பவர்களை எல்லாம் கூட்டினார்.

"ஏளா கனி, சத்தத்தைப் பிடிக்கிற பெட்டி ஒண்ணு நீயே செஞ்சு மாட்டு. அதுல சிவப்பு விளக்கை எரிய வச்சவன் யாரா இருந்தாலும் அன்னைக்கே காலி பண்ணணும்!"

கனி ஒரு மைக், ஒரு சிவப்பு பல்பு, அளவு வைக்க ஒரு திருகு, இவற்றைக் கோத்துப் பெட்டியை முடித்து மாடிச் சுவரில் மாட்டினாள்.

"எவ்வளவு சத்தத்துக்கு எரியணும் அண்ணாச்சி?"

"என் குரலுக்கு மேல இங்க ஒரு சத்தமும் கேக்கக் கூடாது!" என்று உறுமினார் பெரிய மனுஷன். அந்த உறுமலைத் தாண்டினால்தான் எரியும்படி கனி திருகை வைத்தாள்.

மறுநாள் மூன்று மிக்சி ஒன்றாக ஓடியும் விளக்கு எரியவில்லை. மாசிலாமணி படியேறி வந்து, எல்லார் முன்னாலும் தொண்டை கிழியக் கத்தினார்: "விளக்கு ஏம்ளா எரியல?"

பளிச்சென்று எரிந்தது.

"எரிஞ்சிட்டு அண்ணாச்சி. சாமான் கட்ட ஆள் அனுப்பட்டுமா?"

இப்போதெல்லாம் மாடிக்கு வந்தால் அண்ணாச்சிக்குச் சைகைதான் பாஷை.