மகளைப் பார்க்க மலையேறியவர்

பாய்மரக் கப்பல்கள் ஓடிய பழைய நாளில், கடலோரப் பட்டினம் ஒன்றில் வெண்காடர் என்றொரு உப்பு வணிகர் இருந்தார், கேளுங்கள். அவர் மனைவி தையல்நாயகி. பிள்ளை என்று இருந்தது உமையாள் ஒருத்திதான்.

அவளை மேற்கே மலைமேல் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல குடும்பம்தான், ஆனால் வெகுதூரம். அவள் போன அன்றே வீடு அடங்கிப் போயிற்று.

வெண்காடருக்கு மாலை நேரம்தான் பொல்லாத நேரம். வாசலில் மகளின் கொலுசு கேட்டது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பார், யாரும் இருக்க மாட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் அதிரசத்தை எடுத்துக் கடிப்பார். பிறகு இன்னொன்று. பிறகு நெய் ஒழுகும் பணியாரம். இப்படியே பசிக்காமல் தின்று தின்று அவர் உடம்பு பெருத்துக் கொண்டே போயிற்று.

ஒருநாள் மலையிலிருந்து தேன் விற்க வந்தவள் சேதி சொன்னாள். "உங்கள் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது ஐயா. தவழவும் தொடங்கிவிட்டது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் உமையாளால் வர முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் வருவார்களா என்று பாதையையே பார்த்துக் கொண்டிருக்கிறாள்."

மறுநாளே இருவரும் வண்டி கட்டிப் புறப்பட்டார்கள். அடிவாரம் வரைதான் வண்டி போகும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை, செங்குத்து, பல்லக்குக்கும் வழியில்லை. வெண்காடர் கொஞ்ச தூரம் ஏறினார். மார்பு படபடத்தது, கால்கள் மறுத்தன. பாறையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். உச்சியில் மகளின் ஊரிலிருந்து அடுப்புப் புகை எழுந்து கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கொண்டே இருந்துவிட்டு இறங்கினார்.

"நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் மனைவியிடம்.

"போனால் இரண்டு பேருமாகத்தான்" என்றாள் தையல்நாயகி.

வீடு திரும்பியதும் வெண்காடர் சோற்றை விலக்கினார். வெந்நீரும் கஞ்சித் தண்ணீருமாக நாளை ஓட்டினார். உடம்பு மளமளவென்று வற்றியது. மகிழ்ந்து போய் மறுபடியும் மலைக்குப் போனார். முன்பு ஏறிய தூரம்கூட ஏறவில்லை. கண் இருண்டு பாதையில் விழுந்தார். விறகு வெட்டிகள் தூக்கி வந்து வண்டியில் கிடத்தினார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் அடங்கியிருந்த பசியெல்லாம் பொங்க, பானையும் சட்டியுமாகக் காலி செய்தார். இளைத்த உடம்பு திரும்பியது, கூடக் கொஞ்சம் சதையோடு.

"இந்தப் பிறவியில் என் பேத்தியைப் பார்க்க மாட்டேன்" என்று அழுதார்.

தையல்நாயகி அருகில் வந்து உட்கார்ந்தாள். "கண்டதையும் தின்றீர்கள், மூச்சு முட்டியது. தின்னாமலே கிடந்தீர்கள், மயக்கம் வந்தது. இனி நான் போடுவதைச் சாப்பிடுங்கள்."

"நீயும் பட்டினி போடப் போகிறாயா?"

"இல்லை. வயிறாரப் போடப் போகிறேன். நானும் அதையேதான் உண்பேன்."

அன்றிலிருந்து இலையில் சோறு குறைந்தது. கீரையும் காயும் கூடின. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். மத்தியானம் வரகுச் சோறு, பருப்பு, வாழைத்தண்டு, அவரைக்காய். பொழுது சாயும்போது ஒரு கிண்ணம் பயற்றுச் சுண்டல். அந்தப் பொல்லாத மாலை வேளையில் தையல்நாயகி அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். இருவரும் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

உடம்பு உடனே குறையவில்லை. வெண்காடர் பொறுமை இழந்தார். ஒரு கல்யாண வீட்டில் தட்டுத் தட்டாக அதிரசம் தின்றுவிட்டு வந்து, மறுநாள் இலை முன் உட்கார மறுத்தார். "தப்புச் செய்தேன். இன்று எனக்குச் சோறு வேண்டாம்."

"நேற்றுத் தின்றது நேற்றோடு போயிற்று" என்று வழக்கமான கூழை எடுத்து வைத்தாள் அவள்.

மழை வந்து போயிற்று, பனி வந்து போயிற்று. வேட்டி முடிச்சு மெல்ல மெல்ல உள்ளே போனது. மூச்சு இளைப்பு நின்றது. மாமரங்கள் பூத்த சமயத்தில் இருவரும் மறுபடியும் அடிவாரத்துக்கு வந்தார்கள். ஏறினார்கள், இளைப்பாறினார்கள், மீண்டும் ஏறினார்கள். புகை நெருங்கி வந்தது. நாய் குரைப்பது கேட்டது.

உமையாள் ஓடி வந்தாள். அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். "இப்படி இளைத்துப் போய்விட்டீர்களே, அப்பா."

"இளைக்கவில்லை அம்மா. தேறியிருக்கிறேன்."

பேத்தி மட்டும் கிட்ட வரவில்லை. புது முகத்தைக் கண்டு தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். வெண்காடர் கூப்பிடவில்லை, இத்தனை காலம் காத்திருந்தவருக்கு இது பெரிதல்ல. மகள் பரிமாறிய தினைச் சோற்றையும் கீரையையும் நிதானமாக உண்ணத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து முழங்காலில் ஒரு சின்னக் கை பட்டது. குழந்தை வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு சிறு கவளம் உருட்டி ஊட்டினார்.

ஆகையால் கேட்டவர்களே, கண்டதைத் தின்பதும் பட்டினி கிடப்பதும் உடம்பைக் கெடுக்கும். சத்தான உணவை அளவாக, வேளை தவறாமல் உண்பதே உடலின் எடையைச் சீராக வைக்கும்.