குளவிக்கூடு யார் வேலியில்?

ஊத்துப்பட்டி ஜமீன்தாருக்குப் புடலங்காய்க் கூட்டு இல்லாமல் சோறு இறங்காது. அந்த வருஷம் பார்த்துப் புடலங்கொடி பந்தலோடு வாடிப்போனது. கொடியைச் சுற்றிக் குளவிகள் பறந்தன. கூட்டை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காரியஸ்தர் சங்கரலிங்கம் பிள்ளைக்குத் தெரியாதது உலகத்திலேயே கிடையாது. அதை அவரே சொல்வார். "குளவி கொட்டித்தான் கொடி பட்டுப்போச்சு, மகாராஜா! தோட்டக்காரி மூக்கம்மா பொழுது சாயறதுக்குள்ள கூட்டைக் காட்டணும். அது எவர் இடத்துல இருக்கோ அவர் ஜமீனை விட்டுப் போகணும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ஜமீன்தார்.

"வாக்கு மாறாதுல்லா, மகாராஜா?" என்று கேட்டுவிட்டு, பறந்த குளவி ஒன்றை மூக்கம்மா வெறுங்கையால் பிடித்தாள். பிள்ளை தூணுக்குப் பின்னால் பாய்ந்தார்.

அவள் கையை விரித்தாள். கொட்டின தடம் இல்லை, உள்ளங்கையெல்லாம் பொடி.

"குளவிக்கு ஏது பொடி? இது கண்ணாடி றெக்கை வச்ச அந்துப்பூச்சி. குளவி வேஷம் போட்டு ஊரை மிரட்டுது. இதோட புழு தண்டுக்குள்ள இருந்து தின்னும். புடலைக்கு வாறதுக்கு முந்தி கோவைக்கொடியிலதான் குடியிருக்கும். வாங்க, காட்டுதேன்."

தோட்டத்தை ஒட்டிப் பிள்ளை வீட்டு வேலி. சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று அவர் ஆசையாய் வளர்த்த கோவைக்கொடி அதில் அடர்ந்து கிடந்தது. வீங்கிய தண்டு ஒன்றை அவள் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. "இதான் அய்யா கேட்ட கூடு."

ஜமீன்தார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

மூக்கம்மா அரிவாளை நீட்டினாள். "மூட்டை கட்டக் கயிறு வேணும்லா? இந்தக் கொடியவே அறுத்துக்கிடுங்க அய்யா. வேலியும் சுத்தமாயிரும்."