எதெல்லாம் அணையலாம்

கதை விடுதேன்னு சொல்லாத ராசா. கூரை பூரா சோலார் தகடு, மேல கொளுத்துத வெயிலு, உள்ள ஒரு பல்பு எரியல. அப்படியும் நடக்கும். நடந்துச்சு.

பழைய மாதிரி இன்வெர்ட்டர் மெஷினு அப்படித்தான். தெருவுல கரண்டு போனா அதுவும் கண்ண மூடிக்கிடும். இல்லன்னா நம்ம கூரை கரண்டு கம்பி வழியா ஏறிப் போயி, போஸ்ட்ல நிக்குத ஆளைக் கொன்னுரும்லா. லைன்மேனா இருந்த எங்க அத்தான் அப்படித்தான் போனாவ. கல்யாண மண்டபத்துக்காரன் ஒருத்தன் ஜெனரேட்டரைத் தெரு லைனோட சேத்து மாட்டிட்டான். லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி அத்தான் கைய வச்சாவ. எறக்கிப் படுக்கப் போடும்போது இடுப்புல குறடு அப்படியே சொருகி இருந்துச்சு.

அது கெடக்கட்டும். நா சொல்ல வந்தது கோமதிநாயகத்தப் பத்தி.

மலையடிவாரத்துல ஒரு மடம். பேருதான் மடம். சாகக் கெடக்குதவங்களக் கொண்டுவந்து விடுத எடம். வீட்டுல வச்சுப் பாக்க முடியாதவங்க, வீடே இல்லாதவங்க. தொழுவம், சமையக்கட்டு, பிரார்த்தனை மண்டபம், பணம் குடுக்குதவங்க வந்து தங்க ஏசி போட்ட விடுதி, நோயாளிங்களுக்கு நீளமா ஒரு ஹாலு. ஒரு சுத்து சுத்தி வந்தா காலு கடுத்துப் போவும்.

நடத்துனது சின்னம்மா. நாப்பது வயசுகூட இருக்காது. கோமதிநாயகம் அவுகளவிட நல்லா மூத்தவரு. மில்லுல எலக்ட்ரிக்கல் எஞ்சினியரா இருந்தவரு. பொஞ்சாதி போன பெறகு இங்கயே சீடரா வந்து சேந்துட்டாரு. மடத்துக் கரண்டு பூரா அவரு பொறுப்பு.

ஒரு நா, இன்வெர்ட்டர் படம் போட்ட தாளா கை நெறைய எடுத்துக்கிட்டு சின்னம்மா முன்னால போயி நின்னாரு.

"எதை வாங்கன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

சின்னம்மா, நோயாளிங்களுக்குத் தொடைக்கதுக்குப் பழைய வேட்டியக் கிழிச்சுக்கிட்டு இருந்தாவ. ஏறெடுத்துப் பாக்கல.

"எதுக்கு?"

"இனி இந்த மடத்துல எதுவுமே அணையக் கூடாது."

டர்ருன்னு ஒரு கிழி கிழிச்சாவ.

அவரு வெளக்குனாரு. இது ஹைப்ரிட்டாம். வெயில்லயும் வாங்கிக்கிடும், லைன்லயும் வாங்கிக்கிடும், பேட்டரியிலயும் வாங்கிக்கிடும். மூணு வீட்டுல சாப்பிடுத ஆளு மாதிரின்னு வையி. எங்க தெருவுல அப்படி ஒருத்தன் இருந்தான். ஒரே நாள்ல மூணு வீட்டுலயும் சண்டையாகி, கோயில் வாசல்ல பட்டினியாக் கெடந்தான். சரி அத விடு. தெருவுல கரண்டு போனா இந்த மெஷினு லைனை வெட்டி விட்டுட்டு உள்ள மட்டும் ஓட்டுமாம். போஸ்ட்ல நிக்குத ஆளுக்கும் ஆபத்தில்ல. அம்பது கிலோவாட்டு போதுமா, நூறு போட்டுருவமா, மோட்டாரு கெளம்பும்போது மூணு மடங்கு இழுக்குமே, அதையும் சேக்கணும்லான்னு சொல்லிக்கிட்டே போனாரு.

"பேச்சியம்மாவுக்கு அன்னைக்கு இது மட்டும் இருந்திருந்தா..."

தாள அடுக்கி நேராக்குனாரு.

பேச்சியம்மா யாருன்னு சொல்லணும்லா. பீடி சுத்துனவ. நெஞ்சு பூரா போயிட்டு. ஆக்சிஜன் மெஷினு ஓடுனாத்தான் மூச்சு. அது ராப்பகலா கொர்ரு கொர்ருன்னு கெடக்கும். எம் புருசன் திரும்பி வந்துட்டான் சாமி, கேளும், அதே கொறட்டைதான்னு கோமதிநாயகத்தப் பாத்துச் சிரிப்பா. அவன் உசுரோட இருக்கையில அந்தக் கொறட்டைக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில படுத்தவளாம். இப்போ அந்தச் சத்தம் இல்லாமத் தூக்கம் வராது அவளுக்கு.

இந்தத் தாளெல்லாம் வாரதுக்கு முந்தி, ஐப்பசி மழையில மரமெல்லாம் சாஞ்சு லைன் போச்சு. சின்னம்மா வெளியூர் போனவுக, பாலத்து மேல வெள்ளம் போறதால வர முடியல. விடியுத வரைக்கும் ஜெனரேட்டரு ஓடுச்சு. அப்புறம் அதுக்குள்ளயும் தண்ணி பூந்துட்டு. காலையில மழை வெறிச்சு வெயிலு சுள்ளுன்னு அடிச்சா, கூரையில தகடெல்லாம் பளபளன்னு இருக்கு, சோலார் மெஷினுல உசுரில்ல.

மிச்சம் இருந்தது ஹால் மூலையில ஒரு பழைய சின்ன இன்வெர்ட்டரும் அதோட பேட்டரியும். அது ஒண்ணத்தான் இழுக்கும். ரெண்டாவதா ஒண்ண மாட்டுனா கீச்சுன்னு கத்திட்டு நின்னுரும். அதுலதான் பேச்சியம்மா ஆக்சிஜன் மெஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து, ஹாலை ஒட்டுன ரூமுல, பொணம் வைக்குத ஐஸ் பெட்டிக்குள்ள வடமலை ஐயா. மடத்துக்கு நெலம் தானமாக் குடுத்த மனுசரு. மழைக்கு மொத நா செத்துப்போனாவ. மகன் கனடாவுல இருந்து வரணும். எங்க காலத்துல ஐஸ் பாளத்தை வாங்கி உமியைப் போட்டு அதுக்கு மேல படுக்க வைப்போம். எங்க மாமனாருக்கு அப்படித்தான் வச்சோம். ஐஸ் உருகி வீடு பூரா தண்ணி. ஒப்பாரி வைக்க வந்தவ ஒருத்தி வழுக்கி விழுந்து, அழுதுக்கிட்டே எல்லாரும் சிரிச்சோம். இப்போ பெட்டி. பெட்டிக்குக் கரண்டு வேணும்.

டிரஸ்டிமாருகிட்ட இருந்து போன் மேல போன். ஐயா ஒடம்பு கெட்டுரக் கூடாது, மகன் மொகத்தப் பாத்தாகணும், நெலம் குடுத்தவுகளுக்கு இதுகூடச் செய்யலன்னா நாளைக்கு யாரு நம்மள நம்பி ஒண்ணு குடுப்பான்னு.

கோமதிநாயகம் ஒண்ணே ஒண்ணு இருந்த ஆக்சிஜன் சிலிண்டரப் பாத்தாரு. முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. வேற சிலிண்டரு ஏத்துன லாரி கெளம்பிட்டுன்னு சொன்னாவ. இது தீருததுக்குள்ள அது வந்துரும்னு நெனச்சாரு.

சிலிண்டரு குழாய பேச்சியம்மா மூக்குல மாட்டுனாரு. மெஷின் பிளக்கப் புடுங்குனாரு. பெட்டி பிளக்கச் சொருகுனாரு.

கொறட்டை நின்னுச்சு.

"என்ன சாமி, தூங்கிட்டானா?"

"கொஞ்ச நேரம் இதுல இருங்க. அப்புறம் போட்டுருதேன்."

"செரி."

லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுட்டு. சாப்பாட்டு மணி அடிக்கையில சிலிண்டரு முள்ளு அடியில போயிப் படுத்துட்டு. அவரு அப்போ ஆபீசுல டிரஸ்டிகிட்ட, ஐயா நல்லா இருக்காவ, ஒண்ணும் கவலைப்படாதீங்கன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு. வந்து பாக்கும்போது மாத்தி மாட்டுததுக்கு பேச்சியம்மா இல்ல. ஜன்னல் வழியா வெயிலு அவ கட்டில்லதான் விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

பெட்டி பிளக்கு சொருகுனபடி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டாரு.

பேட்டரி தாங்கலன்னு எல்லாருகிட்டயும் சொன்னாரு. சின்னம்மா போன்ல கேட்டப்பவும் அதையேதான் சொன்னாரு.

கனடா மகன் வந்தான். அப்பா தூங்குத மாதிரியே இருக்காவன்னு கண்ணாடியத் தடவித் தடவி அழுதான். மொகம் வாடவே இல்லன்னு ஊரே பேசுச்சு. பேச்சியம்மாவுக்கு யாரும் வரல. அவளைச் செத்த அன்னைக்குச் சாயந்தரமே ஈர வெறகப் போட்டு எரிச்சுட்டாவ.

எங்க விட்டேன்? ஆங், தாளு.

சின்னம்மா தாளைத் தொடக்கூட இல்ல. எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயி, ஆறுன கரித்துண்டு ஒண்ண எடுத்துட்டு வந்து அவரு கையில வச்சாவ.

"லைன் போனா எதெல்லாம் அணையலாமோ, அந்த சுவிட்சுக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டுட்டு வாங்க. மிச்சத்துக்கு மெஷின் வாங்குவோம்."

"பெருசா வாங்கிட்டா கோடே வேண்டாம்மா."

"போட்டுட்டு வாங்க."

மெஷினு விக்க வந்தவனும் அதத்தான் சொல்லியிருந்தான். மெஷினு எம்புட்டுப் பெருசானாலும் அதுல ரெண்டு வழியாம். கரண்டு போனாலும் நிக்காத வழி ஒண்ணு, போனாச் சேந்து போற வழி ஒண்ணு. எல்லாத்தையும் நிக்காத வழியில தொங்கவிட்டா பேட்டரி சீக்கிரமே காலி. எது எந்த வழியிலன்னு மடத்துக்காரங்கதான் சொல்லணும்னான். நூறா வாங்கி, பேட்டரியையும் அடுக்கிட்டா அப்படி வாயத் தொறந்து சொல்லுத வேலையே இருக்காதுன்னு கோமதிநாயகத்துக்கு எண்ணம்.

கரியோட கெளம்புனாரு.

தொழுவத்துல மாடு பாக்குத கொம்பையா நின்னான். ஃபேன் நின்னா கொசு புடுங்கி மாடு ஒதைக்கும், அப்புறம் நீங்களே வந்து கறங்கன்னான். சமையக்கட்டுல பொம்பளைங்க, கிரைண்டருல கோடு போடுங்க அண்ணாச்சி, ஆட்டுரலக் கழுவி வைக்கோம், விடியக்காலம் வந்து உக்காருங்கன்னு சிரிச்சாவ. விடுதியில ஏசி. வந்து தங்குதவங்க முகஞ்சுளிச்சா மடத்துல உலை கொதிக்காது. மண்டபத்துல, மடத்த ஆரம்பிச்சுப் போய்ச் சேந்த பெரியம்மா சமாதிக்கு மேல எரியுத பல்பு. அதுல கோடு போட்டா கை அழுகிப் போவும்னு அவருக்கே பயம். தண்ணி மோட்டாரு, ஆபீசுல கேமரா, எங்கயும் கை போகல.

கடைசியா ஐஸ் பெட்டி இருக்குத ரூமு. பெட்டி காலியாத்தான் இருந்துச்சு. பிளக்கு சும்மா தொங்குச்சு. கரிய சுவத்துக்கிட்ட கொண்டுபோனாரு. நாளைக்கு எந்தப் பெரிய மனுசரு வந்து படுப்பாரோ, எந்த நாட்டுல இருந்து மகன் வரணுமோ. கைய இழுத்துக்கிட்டாரு.

பொழுது சாயத் திரும்பி வந்தாரு. கை பூரா கரி. கரித்துண்டு குடுத்தபடிக்கே முழுசா இருந்துச்சு.

சின்னம்மா அதப் பாத்தாவ.

"ஒண்ணுலகூடப் போடலையா?"

"முடியலம்மா. எதப் பாத்தாலும் இது எரியணும்னுதான் தோணுது. எதை அணைன்னு நா எப்படிச் சொல்ல?"

சின்னம்மா கையில இருந்த வேட்டியக் கீழ வச்சாவ.

"அன்னைக்கு முடிஞ்சுதே நாயகம்."

அவரு கரித்துண்ட மறு கைக்கு மாத்துனாரு.

"வடமலை ஐயா மொகம் வாடவே இல்லன்னு எனக்கு எத்தனையோ பேரு போன் பண்ணிச் சொன்னாவ. பேட்டரி தாங்கலன்னு நீங்க ஒருத்தருதான் சொன்னீங்க."

ஹால்ல யாரோ இருமுனாவ.

"புடுங்குனது நாந்தாம்மா."

சின்னம்மா வேட்டியத் திரும்ப எடுத்து மடியில போட்டுக்கிட்டாவ.

"இப்போ போயிக் கோடு போடுங்க."

அவ்வளவுதான் ராசா. எத்தனை கிலோவாட்டு வாங்குனாவன்னு எங்கிட்டக் கேக்காத. நம்ம வீட்டுக்கு எத்தனை வேணும்னும் இப்பவே கேக்காத. ஏட்டி செண்பா, வெந்நி அடுப்புல ஆறுன கரித்துண்டு கெடக்கும், ஒண்ணு எடுத்துக்கிட்டு உள்ள வா.