தண்ணி வண்டி மெட்டு

தூத்துக்குடியில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் பாட்டை வெளியிட, இசைக் கம்பெனி முதலாளி அருணாசலம் ஒரு நிபந்தனை போட்டார்.

"பாட்டு புத்தம்புதுசா இருக்கணும். ஆனா ஊரே அத முணுமுணுக்கணும். பதினஞ்சு நாள்ல முடியாட்டி இந்தப் பக்கமே வராதீங்க."

"சரிங்க சார்" என்றாள் கீபோர்டு வாசிக்கும் மரியபுஷ்பம்.

பதினைந்தாம் நாள் பாட்டைக் கேட்டதும் முதலாளி மேசையைத் தட்டினார். "திருட்டு மெட்டு! இத என் பேத்தி பாடுறா, டிரைவர் பாடுறான், குளிக்கும்போது நானே பாடுறேன். எங்கிட்டயேவா?"

"தண்ணி கேன் வண்டியிலதான சார் கேட்டீங்க?" என்றாள் மரியபுஷ்பம்.

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்த வண்டி எங்க மாமாவோடது. நாங்க ரெக்கார்டு பண்ணிக் கொடுத்த மெட்டு, பதிமூணு நாளா முப்பத்தாறு தெருவுல பாடுது. பாட்டு இன்னும் வெளிய வரல. நீங்களே முணுமுணுக்கிறீங்க!"

பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒப்பந்தத்தை நீட்டினார். முதலாளி முறைத்தபடியே கையெழுத்துப் போட்டார். அவர் கால் மட்டும் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.