கைதட்டலின் முதல் தவணை

நகராட்சியில் தற்காலிக வேலை பார்த்த மலர்க்கொடிதான் அன்றைய தேர்தல் கூட்டத்தைத் தொகுத்து வழங்க வேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சேர்மன் தணிகாசலமோ அவளிடம் மைக்கைக் கொடுத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "எம்.பி. வேட்பாளர் பேசும்போது மண்டபம் கைதட்டல்ல அதிரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பக்கத்து ஊர் சேர்மன்களெல்லாம் தங்கள் நகராட்சிகளின் தேவைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்திருந்தார்கள். வேட்பாளர் முழங்கினார்: "நாங்கள் ஜெயித்தால் டெல்லியிலிருந்து நகராட்சிகளுக்கு நேரடியாக நிதி வரும்!"

போன தேர்தலிலும் இதையே கேட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, இந்த ஊர்ல யாருக்கும் கையே இல்லையா?" என்று சிடுசிடுத்தார் வேட்பாளர். சேர்மன் அவளை முறைத்தார்.

மலர்க்கொடி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "மன்னிக்கணும் ஐயா. உங்களுக்குக் கைதட்டல் ஒதுக்கியாச்சு. நீங்க ஜெயிச்சு நிதி அனுப்பினதும் முதல் தவணை வந்துடும்."

பக்கத்து ஊர் சேர்மன்கள் எல்லோரும் எழுந்து நின்று, சிரித்துச் சிரித்துக் கைதட்டினார்கள். வேட்பாளர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்று பல்லைக் கடித்தார் தணிகாசலம்.

"நீங்க சொன்னபடி மண்டபம் அதிருதே ஐயா," என்றாள் அவள். "நாளைக்கு வேலைக்கு வரலாமில்ல?"