சுருங்கிப்போன பாத்ரூம்

அருப்புக்கோட்டையில் சுப்புராசு, குருவையா, சங்கிலி என்று மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூளை மற்ற இரண்டு பேரிடமும் இருக்கிறது என்று ஒவ்வொருவனும் நம்பியதால் வீட்டில் சண்டையும் இல்லை.

ஒரே தங்கை ராமுத்தாய். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வரவேண்டியவள், போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அண்ணே, நம்ம பாத்ரூம் தரை பாசி பிடிச்சு வழுக்கும். அதச் சரிபண்ணாம நான் வரமாட்டேன்."

தங்கை வழுக்கி விழுவதை நினைத்து மூவரும் ஒரு பாட்டம் அழுதார்கள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

"வழுக்காத வினைல் ஷீட் இருக்கு, தரையில நீங்களே ஒட்டிக்கலாம். பாத்ரூம் அளவை மட்டும் கொண்டாங்க," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து சுப்புராசு பாத்ரூமில் மல்லாந்து படுத்தான். தலை ஒரு சுவரில் முட்டியது. முழங்காலை மடக்கினால் பாதம் எதிர்ச்சுவரில் முட்டியது. "நான்தான்டா அளவு," என்றான். அளவு நசுங்கிவிடக் கூடாது என்று தம்பிகள் அவனை ஆட்டோவில் அலுங்காமல் கொண்டுபோனார்கள். கடையில் இடம் தாராளம். அதனால் காலை நன்றாக நீட்டி, கையையும் அகல விரித்துப் படுத்தான். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தார்.

"ஒரு நாள் ஷீட்டை பாத்ரூம்லயே வைங்க, அந்த இடத்துக்குப் பழகணும். பெறகு பசை தடவி ஒட்டுங்க. ஒட்டினதும் ஒரு நாளைக்கு யாரும் கால் வைக்கக் கூடாது."

வீட்டில் விரித்தால் ஷீட் நாலு பக்கமும் சுவரில் ஏறி நின்றது.

"அண்ணே, ஷீட் வளந்துருச்சா?" என்றான் சங்கிலி.

"அது எப்படிடா வளரும்? பாத்ரூம் சுருங்கிருச்சு," என்றான் குருவையா. "ஒரு தடவை துவைச்ச சட்டையே சுருங்குது. இது தினமும் தண்ணி ஊத்துற எடம்."

நியாயமாகப் பட்டது. மூவரும் உள்ளே நின்று அரைமணி நேரம் சுவரை வெளியே தள்ளினார்கள். சுண்ணாம்பு கையோடு வந்தது. "கொஞ்சம் விரிஞ்சிருக்கு. மிச்சம் சுவத்திலயே ஒட்டிக்கிடட்டும்," என்று சுப்புராசு முடிவுசெய்தான்.

அன்று முழுக்க ஷீட்டைப் பழக்கினார்கள். "இது குழாய். இது வாளி, கைப்பிடி உடைஞ்சது, கோவிச்சுக்காத," என்று குருவையா ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைத்தான்.

மறுநாள் காலையில் ஒட்டி முடித்தபோது சங்கிலி மூலையில், ஷீட்டின்மேல் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, நான் எப்படி வெளிய வர்றது? கால் வைக்கக் கூடாதே!"

வெளியே நின்ற சுப்புராசு கையை நீட்டித் தடுத்தான். "இனிமே வைக்கத்தான்டா கூடாது. வச்ச காலை எடுக்கச் சொல்லலையே. அப்படியே நில்லு."

மறுநாள் காலைவரை சங்கிலி நின்றான். ஒட்டடைக் கம்பின் நுனியில் இட்லி குத்தி நீட்டினார்கள். ஆறு இட்லி தின்றான்.

அவன் வெளியே வந்த கையோடு ராமுத்தாய் வந்து இறங்கினாள். பூப்போட்ட தரையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் அங்கேயே நின்றது.

"அண்ணே, தண்ணி போற ஓட்டை எங்க?"

"ஒண்ணு இருந்துச்சு," என்றான் சங்கிலி. "பாக்க நல்லா இல்லைன்னு அதையும் சேத்து ஷீட்டால மூடிட்டேன். எந்தப் பூவுக்குக் கீழன்னுதான் ஞாபகம் இல்ல."

"இத்தனை வருசமாப் போன தண்ணி, அதுக்கு வழி தெரியாதா?" என்றான் சுப்புராசு. "ஊத்துங்கடா!"

ராமுத்தாய் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, வாளி வாளியாக ஊற்றினார்கள். தண்ணீர் பாத்ரூம் நிலைப்படி தாண்டி, கூடம் தாண்டி, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர் வாசலில் இருந்த சாக்கடைத் துவாரத்துக்குள் கொளகொளவென்று விழுந்தது.

பின்னாலேயே ஓடிவந்த மூவரும் துவாரத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான் குருவையா மெதுவாக, "நம்ம ஓட்டை!"

சத்தம் கேட்டு மிலிட்டரிக்காரர் கதவைத் திறந்தார். சுப்புராசு கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்:

"சார், பழகின தோசத்துக்குப் போலீசுக்குப் போகல. பழைய ஓட்டைதான், இல்லைங்கல. ஆனா எங்க அப்பா வச்சது. சத்தமில்லாமக் குடுத்துருங்க."