நாற்பத்தொரு மூட்டைக் கடிதங்கள்

நாட்டிலுள்ள பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று அரசர் முடிவு செய்தார். அதை வகுக்கும் பொறுப்பு மருதவாணர் என்ற புலவரிடம் வந்தது. பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என ஊர் ஊராகப் பறையறைந்து சொன்னார்கள்.

நாற்பத்தொரு மூட்டை கடிதங்கள் வந்தன. மருதவாணர் ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. ஆறு புலவர்களோடு உட்கார்ந்து பாடத்திட்டத்தை எழுதி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அரண்மனையிலிருந்து செய்தி வந்தது. அரசர் அதற்கு முத்திரை வைக்கும் நாளில், ‘மக்கள் சொன்னதைக் கேட்டே எழுதினேன்’ என்று அவர் சபையில் உறுதி கூற வேண்டுமாம். அதற்கு இன்னும் நான்கு நாள்தான்.

அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மூட்டைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தம் குரு நீலவல்லி அம்மையின் ஆசிரமத்துக்குப் போனார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தாயே, படிக்காமலே கேட்டேன் என்று சொல்லலாமா?”

“படித்தால் என்ன?”

“ஒருவர் கணக்கு போதும் என்பார். இன்னொருவர் கணக்கே வேண்டாம் என்பார். எல்லோர் பேச்சையும் கேட்டால் பாடத்திட்டமா உருவாகும்?”

“ஒன்றை எடுங்கள்.”

அவர் கைக்கு எட்டிய மூட்டையை அவிழ்த்து ஒரு கடிதத்தை உருவினார். அறுவடை மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

“பார்த்தீர்களா?” என்றார்.

“இன்னொன்று.”

அடுத்தது கோணல்மாணலான கையெழுத்து. மருதவாணர் உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

‘ஐயா, மூன்றாம் வகுப்புப் பாட்டில் தெளிந்த நீரை அள்ளிக் குடி என்று இருக்கிறது. எங்கள் ஊர் ஊற்றும் தெளிவாகத்தான் இருக்கும். அதைக் குடித்துக் குடித்து எனக்குக் கால் வளைந்துவிட்டது. தங்கைக்கு இன்னும் வளையவில்லை. குடிக்காதே என்றால், புத்தகத்தில் குடிக்கச் சொல்லியிருக்கிறது என்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். புத்தகத்தை மாற்றுங்கள்.’

அந்தப் பாட்டு அவர் எழுதியது. இருபது வருடமாகப் பள்ளிகளில் பாடுகிறார்கள். புதிய பாடத்திட்டத்திலும் அதைச் சேர்த்திருந்தார்.

கடிதத்தை மடித்துக்கொண்டே, “ஒரு ஊர்த் தண்ணீருக்காக நாட்டுக்கே உரிய பாடத்தை மாற்றுவதா, தாயே?” என்று கேட்டார். அவருக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

“அந்தத் தங்கை எந்த நாட்டில் படிக்கிறாள்?”

மருதவாணர் ஓலையும் எழுத்தாணியும் கேட்டு வாங்கினார். பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பாட்டை முதலில் அடித்தார். பிறகு அரசருக்கு எழுதினார்: ‘நான் மக்களைக் கேட்கவில்லை. எனக்கு நாள் வேண்டும்.’ ஓலையை ஒரு குதிரைக்காரனிடம் கொடுத்தனுப்பினார்.

பதில் வரும்வரை அவர் உட்காரவே இல்லை. வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். இடையிடையே மூட்டைகளைப் பார்த்தார். கால் வளைந்த பிள்ளைகள் அவற்றுக்குள் இன்னும் எத்தனை பேர்? அவர்களுடைய தங்கைகள் எத்தனை பேர்?

மறுநாள் உச்சிப்பொழுதில் குதிரை திரும்பியது. அரசரின் பதில் சுருக்கமாக இருந்தது. ‘பதினைந்து நாள். அதற்குள் முடியாவிட்டால் வேறு ஆளிடம் ஒப்படைப்போம்.’

“தலை தப்பியது” என்றார் வண்டிக்காரர்.

மருதவாணருக்கு அந்த நிம்மதி வரவில்லை. அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

“தாயே, நாற்பத்தொரு மூட்டை. பதினைந்து நாள். இரவும் பகலும் படித்தாலும் முடியாது. வேறு ஆள் வந்தால் இவற்றை அவிழ்க்கக்கூட மாட்டான்.”

“ஆமாம்.”

“இதில் எவற்றைப் படிக்காமல் விடலாம்? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.”

நீலவல்லி அம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

“படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”